நேரடி உபயோகச் சோதனை

"தண்ணி குடிக்கறீங்களாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"குடிக்கறேன் டாக்டர். காலையில ஒரு டம்ளர், வேலை விட்டு வந்து நாலு டம்ளர்."

"நடுவுல?"

"நடுவுல குடிச்சா வருமே."

"வரணும்னுதானேம்மா குடிக்கச் சொல்றது." டாக்டர் ரிப்போர்ட்டை மடித்து மேஜையில் வைத்தார். "இது மூணாவது தடவை. கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கு. இன்னொரு தடவை வந்தா மாத்திரையோட போகாது, ஆஸ்பத்திரியில படுக்க வேண்டியதுதான். அதுக்கப்புறம் சிறுநீரகம் என்ன சொல்லுதோ அதுதான் சட்டம். தினம் மூணு லிட்டர் குடிங்க. வரும்போதெல்லாம் போங்க. அடக்கவே கூடாது. எங்க வேலை பாக்கறீங்க?"

அவள் கம்பெனியின் பெயரைச் சொன்னாள்; அங்கே பெண்கள் போக இடமில்லை என்றும் சொன்னாள். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் வீட்டுச் சமையலறைத் தொட்டியும் குளியலறைக் குழாயும் கழிப்பறைக் கிளாசெட்டும் அந்தக் கம்பெனியுடையவைதான்.

"கக்கூஸ் செய்யற கம்பெனியில வேலை பாத்துக்கிட்டு, போறதுக்கு இடமில்லன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க?"

"நீங்க நம்ப வேண்டாம் டாக்டர். எழுதிக் குடுங்க, போதும்."

அவர் எழுதிக் கொடுத்தார். 'இவர் அடிக்கடி கழிப்பறை செல்ல அனுமதிக்கவும்.' அனுமதி கிடைத்தாலும் போவதற்கு ஒன்று இருக்க வேண்டுமே. அதற்கு மருத்துவத்தில் சீட்டு இல்லை.

அந்தக் கம்பெனி வளர்ந்த கதை ஊருக்கே தெரியும். தெரியாதவர்களுக்காகக் கம்பெனியே ஒரு புத்தகம் போட்டு, வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் திணித்துக்கொண்டிருந்தது. பெரியவர் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, ஸ்டீல் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சமையலறைத் தொட்டி செய்தார். தொட்டி விற்றது. தொட்டிக்குக் குழாய் வேண்டுமே என்று மூத்த மகன் குழாய் வார்த்தான். குழாய் இருக்கிற வீட்டில் கழிப்பறையும் இருக்கும் என்பதை இளைய மகன் கண்டுபிடித்தான். பீங்கான் சூளை வந்தது. கண்டுபிடித்த களைப்பில் அவன் வெளிநாடு போய்விட்டான். மகளுக்குக் கல்யாணம் ஆனது. தரக் கட்டுப்பாட்டுக்கு டைரக்டர் கிடைத்தார். பிறகு அந்த வீட்டில் குழந்தை பிறக்கும்போதெல்லாம் ஒரு புது மாடல் பிறந்தது. குழந்தையின் பெயரையே மாடலுக்கும் வைத்தார்கள். மூத்த மகனின் இரண்டாவது பேத்தி, சுவரில் மாட்டும் ரகம். தண்ணீர் குறைவாகப் போதும்.

புத்தகத்தில் இல்லாத ஒரு பக்கமும் உண்டு. தகரக் கூரைக் காலத்தில் பின்பக்கம் பெண்களுக்கென்று மூன்று கழிப்பறைகள் இருந்தன. பெண்கள் அப்போது பதினோரு பேர். கம்பெனி வளர வளர, முதலாவதில் அட்டைப் பெட்டிகளை அடுக்கினார்கள். இரண்டாவதில் ஜெனரேட்டர் உட்கார்ந்தது. மூன்றாவது, பெரியவர் காலமானதும், 'பாரம்பரிய அறை' ஆனது. அவருடைய சுத்தியலைச் சிவப்பு வெல்வெட்டில் வைத்துக் கண்ணாடிப் பெட்டியால் மூடி, மேலே ஒரு விளக்குப் போட்டார்கள். விருந்தாளிகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். பெண்கள் உட்கார்ந்த இடத்தில் இப்போது சுத்தியல் உட்கார்ந்திருந்தது. பெண்கள் நூற்று நாற்பத்தேழு பேர் ஆகியிருந்தார்கள். ஆண்களுக்குக் குறை ஒன்றும் இல்லை. கம்பெனிக்கு நீளமான சுற்றுச்சுவர் இருந்தது.

மாடியில் குடும்பத்தாருக்கு நான்கு கழிப்பறைகள். கைரேகை வைத்தால்தான் கதவு திறக்கும். ரத்த சம்பந்தமும் கல்யாண சம்பந்தமும் உள்ள விரல்களுக்கு மட்டும்.

மற்றவர்கள் எதிர்த்தெருத் தையல்காரம்மா வீட்டுக்குப் போனார்கள். போய் வர ஒன்பது நிமிஷம். வாட்ச்மேன் நோட்டில் எழுதிக்கொண்டுதான் கதவைத் திறப்பான். ஒரு ஷிப்டுக்கு ஒரு தடவை. ஆகவே நூற்று நாற்பத்தேழு பேரும் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தார்கள். குடிநீர்ச் செலவு குறைந்ததற்காகக் கம்பெனிக்கு ஒரு சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

டாக்டரிடம் போனவளை எல்லோரும் 'டெஸ்ட் அக்கா' என்பார்கள். இருபத்திரண்டு வருஷமாகச் சோதனை மேடையில் வேலை. மேடையில் பன்னிரண்டு கிளாசெட்டுகளைப் பொருத்தித் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் இணைத்திருக்கும். காலையில் வந்ததும் தவிட்டு மாவைப் பிசைந்து உருண்டை உருட்டுவாள். ஒவ்வொரு கிளாசெட்டிலும் உருண்டையையும் காகிதத்தையும் போட்டு விசையை அழுத்துவாள். ஒரே தடவையில் போய்விட்டால் சீட்டில் கையெழுத்து. போகாவிட்டால் சிவப்புக் கோடு. அவள் கையெழுத்து இல்லாமல் ஒரு பீங்கானும் வாசலைத் தாண்டாது. நாளுக்கு முந்நூறு தடவை அவள் அடுத்தவர்களுக்காக விசையை அழுத்தினாள். தனக்காக ஒரு தடவைகூட இல்லை.

டாக்டர் சீட்டை எடுத்துக்கொண்டு பெரியண்ணியிடம் போனாள். பெரியண்ணி மூத்த மகனின் மனைவி. ஊழியர் நலனுக்கு டைரக்டர். மூத்த மகனை எல்லோரும் பெரியண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். அவரைவிட வயதில் மூத்தவர்களும்கூட. கம்பெனி ஒரு குடும்பம் என்று சுவரில் எழுதியிருந்தது.

"என்னம்மா இது, லெட்டர்லாம்?" பெரியண்ணி சீட்டை விரல் நுனியில் பிடித்தாள். "குடும்பத்துல யாராவது லெட்டர் குடுப்பாங்களா?"

"குடும்பத்துல கக்கூஸ் இருக்கும் அண்ணி."

"உனக்கு ஒருத்திக்குத் தந்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"எல்லாருக்கும் வருது அண்ணி."

"உணர்ச்சிவசப்படாதே. ஆலோசனைப் பெட்டி இருக்குல்ல, அதுல போடு. முறைன்னு ஒண்ணு இருக்கு."

ஆலோசனைப் பெட்டி வாசலில் இருந்தது. நான்கு வருஷமாக அதை யாரும் திறக்கவில்லை; சாவி தொலைந்துவிட்டது. ஆனால் அந்த மாதம் கம்பெனிக்கு நாற்பதாவது ஆண்டு விழா. விழாவுக்கு யோசனை சொல்ல வந்தவர், மேடையிலேயே பெட்டியைத் திறந்தால் உருக்கமாக இருக்கும் என்று சொல்லியிருந்தார். பூட்டை ரம்பத்தால் அறுத்தார்கள். உள்ளே இருநூற்றுப் பதினொரு சீட்டுகளும் ஒரு பிஸ்கட் உறையும் இருந்தன. இருநூற்றெட்டுச் சீட்டுகளில் 'கக்கூஸ் வேணும்' என்று எழுதியிருந்தது. இரண்டில் 'கக்கூஸ் வேண்டும் ஐயா' என்று மரியாதையோடு. ஒன்றில் மட்டும் கேன்டீன் சாம்பாரைப் பற்றி.

பெரியண்ணன் மைக்கைப் பிடித்தார்.

"இந்தச் சீட்டுகளைப் பாக்கும்போது எனக்குப் பேச்சு வரலை. சந்தை ஆய்வுக்குன்னு வெளியாளுங்களை வெச்சு அலைஞ்சோம். நம்ம பொருளுக்கு இவ்வளவு பெரிய தேவை நம்ம வீட்டுக்குள்ளயே இருக்குன்னு தெரியாமப் போச்சே. இருநூத்திப் பத்துப் பேர் கேட்டிருக்காங்க. வேற எந்தக் கம்பெனியிலயாவது தொழிலாளி, தான் செய்யற பொருளை இப்படி ஏங்கிக் கேப்பானா? பிஸ்கட் கம்பெனிக்காரன் பிஸ்கட் கேப்பானா? மாட்டான். சலிச்சுப் போயிருக்கும். உங்களுக்குச் சலிக்கலை. அதனால இந்தக் குடும்பத்தோட தலைவனா ஒரு முடிவு எடுத்திருக்கேன். இன்னையிலேர்ந்து ஊழியர்கள் யார் வாங்கினாலும் அஞ்சு சதவீதம் தள்ளுபடி."

கை தட்டினார்கள். பாலிஷ் பிரிவிலிருந்த வாயாடி மட்டும் தட்டவில்லை. வாயாடி என்பது அவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

"வாங்கி எங்கக்கா வைக்கறது?" என்றாள் டெஸ்ட் அக்காவின் காதில். "பாலிஷ் மிஷின் மேலயா?"

வழி திறந்தது வேறு பக்கத்திலிருந்து.

தரக் கட்டுப்பாட்டு டைரக்டரான மாப்பிள்ளை ஒருநாள் சோதனை மேடைக்கு வந்து, தவிட்டு உருண்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். மோந்தும் பார்த்தார்.

"இதுல உயிர் இல்லையே."

"தவிடு சார்."

"நிறம் தப்பா இருக்கு. வாடிக்கையாளரோட அனுபவத்துலேர்ந்து நாம ரொம்ப தூரம் விலகிப் போயிட்டோம்."

அதற்காக மாடியில் கூட்டம் போட்டார்கள். டெஸ்ட் அக்கா மூன்று நிறங்களில் உருண்டை உருட்டித் தட்டில் வைத்து எடுத்துப் போனாள். கூட்டத்தினருக்குக் கேக்கும் காப்பியும் வந்திருந்தன; அவற்றுக்கு நடுவில் இந்தத் தட்டையும் வைக்கச் சொன்னார்கள். குடும்பத்தார் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

"நடுவுல இருக்கறது நல்லாருக்கு" என்றார் பெரியண்ணன்.

"ஐய, அது ரொம்ப மலிவா தெரியுது" என்றாள் பெரியண்ணி. "நம்ம வாடிக்கையாளர்கள் மேல்தட்டு. அவங்களுக்கு இந்த நிறம் பொருந்தாது. இன்னும் கொஞ்சம் இளசா, தங்க நிறம் கலந்தாப்புல."

"அண்ணி சொல்றதுல ஒரு தொலைநோக்கு இருக்கு" என்றார் மாப்பிள்ளை. "ஆனா பதமும் பாக்கணும். மேல்தட்டு மக்கள் நார்ச்சத்து அதிகமா சாப்பிடுவாங்க."

ஒன்றரை மணி நேரம் போனது. பெரியண்ணன் கேக்கைக் கடித்துக்கொண்டே உருண்டையை விரலால் அமுக்கிப் பார்த்தார். பிறகு அதே விரலால் கேக்கை எடுத்தார். டெஸ்ட் அக்கா தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். அடிவயிறு கல்லாகக் கனத்தது. அன்று காலை டாக்டருக்குப் பயந்து ஒரு டம்ளர் அதிகமாகக் குடித்திருந்தாள். வலியில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"நிஜம்தான் வேணும்னா நிஜத்தையே வெச்சுப் பாக்கலாமே சார். நூத்தி நாப்பத்தேழு பேர் இருக்கோம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பிறகு மாப்பிள்ளை மெதுவாக எழுந்தார்.

"மச்சான்" என்றார் பெரியண்ணனைப் பார்த்து. "உலகத்துல எவனும் இதைச் செய்யலை."

அன்று சாயங்காலமே அதற்குப் பெயர் வைத்தார்கள். 'நேரடி உபயோகச் சோதனை.' மாப்பிள்ளையின் கண்டுபிடிப்பு என்று பதிவானது.

மேடையின் பன்னிரண்டு கிளாசெட்டுகளையும் சுற்றித் தார்ப்பாய் கட்டினார்கள். முதல் வாரம் மாதிரி ஒரு வாரத்தை அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் அதற்குமுன் கண்டதில்லை. போனார்கள், வந்தார்கள், ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தார்கள். குடிநீர்ப் பானை இரண்டு தடவை காலியானது. டெஸ்ட் அக்காவுக்கு ஒரு வாரமாக எரிச்சல் இல்லை.

"அக்கா, நீ பிரதமராகியிருக்கணும்" என்றாள் வாயாடி.

"சும்மா இருடி. கண்ணு படும்."

கண் பட்டது. இரண்டாவது வாரம் படிவம் வந்தது. மேடையை விட்டு இறங்குகிறவள் பன்னிரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும். உட்கார்ந்தபோது என்ன உணர்ந்தீர்கள். எழுந்தபோது என்ன உணர்ந்தீர்கள். இரண்டுக்கும் நடுவில் வீட்டு நினைவு வந்ததா. இதை உறவினருக்குப் பரிந்துரைப்பீர்களா.

மூன்றாவது வாரம் மாப்பிள்ளை ஸ்டாப்வாட்சோடு வந்து தார்ப்பாய்க்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"ஏழாம் நம்பர், ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்ட். ஏன் தாமதம்?"

தார்ப்பாய்க்கு உள்ளிருந்து பதில் வரவில்லை.

"ஏழாம் நம்பர், கேட்டா பதில் சொல்லணும். இது அறிவியல்."

"சார், நீங்க கேக்கறதுனாலதான் தாமதம்" என்றது வாயாடியின் குரல்.

நான்காவது வாரம் இலக்கு வந்தது. அறிக்கைக்கு இத்தனை சோதனைகள் என்று மாப்பிள்ளை தலைக்குக் கணக்குப் போட்டிருந்தார்: ஒரு ஷிப்டுக்கு நான்கு உபயோகம். நான்கில் ஒன்று கட்டாயம் கனரக உபயோகமாக இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு மேல் போக வழியில்லாமல் இருந்தவர்கள் இப்போது நான்கு தடவை போகாமல் வீட்டுக்குப் போக முடியாது. கேன்டீனில் பெயர் கூப்பிட்டு ஆளுக்கு மூன்று வாழைப்பழம் கொடுத்து, தின்று முடிக்கும்வரை மேற்பார்வையாளர் நின்று பார்த்தார். பேக்கிங் பிரிவில் ஒருத்திக்கு மெமோ வந்தது.

'தாங்கள் கடந்த ஆறு வேலை நாட்களாகக் கனரக உபயோகம் எதையும் பதிவு செய்யவில்லை. நிறுவனம் வழங்கிய பதினெட்டு வாழைப்பழங்களைத் தாங்கள் பெற்றுக்கொண்டதற்குச் சான்று உள்ளது. அவை என்னவாயின என்பதை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் விளக்கவும்.'

அவள் மெமோவை எடுத்துக்கொண்டு டெஸ்ட் அக்காவிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வரமாட்டேங்குதுக்கா. அந்தாளு வெளிய உக்காந்து எண்ணிக்கிட்டே இருந்தா எப்படி வரும்?"

"என்கிட்ட ரெண்டு மிச்சம் இருக்கு" என்றாள் வாயாடி. "உன் பேர்ல எழுதிக்கோ. பாலிஷ் தூசி வயித்துக்குள்ள போய் எனக்கு அதுவா வருது."

பெரியண்ணன் எல்லாப் பிரிவினரையும் கூட்டி வைத்துப் பேசினார். "சில பேர் சொந்த வீட்டுல போயிட்டு வர்றதாக் கேள்விப்படறேன். எனக்கு மனசு வலிக்குது. கம்பெனி பழம் தருது, தண்ணி தருது, வேலை நேரத்தைத் தருது. வீட்டுல போய் அதை வீணாக்கறீங்க. உங்களுக்குள்ள இருக்கறது வெறும் கழிவுன்னு நினைக்காதீங்க. அது தகவல். அது நம்ம குடும்பச் சொத்து."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில், உபயோகிப்பவரின் முகபாவமே உண்மையான தரச் சான்று என்று மாப்பிள்ளை படித்துவிட்டார். மறுநாள் தார்ப்பாயை உட்கார்ந்தவர் தோள் உயரத்துக்கு வெட்டினார்கள். உட்கார்ந்திருப்பவர்களின் தலைகள் பன்னிரண்டும் வரிசையாக வெளியே தெரிந்தன. மேற்பார்வையாளர் எதிரே நின்று, சிரிப்புக்கு ஐந்து மதிப்பெண், சாதாரணத்துக்கு மூன்று, முகச்சுளிப்புக்குப் பூஜ்யம் என்று போட்டுக்கொண்டே போனார்.

அன்று மத்தியானத்திலிருந்து, மெமோ வந்தால் வரட்டும் என்று, நூற்று நாற்பத்தேழு பேரும் மறுபடி தண்ணீரை நிறுத்தினார்கள். வாழைப்பழங்களைப் புடவை மடிப்பிலும் துப்பட்டாவிலும் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பீங்கான் வாசலைத் தாண்டக் கையெழுத்து வேண்டுமே என்பதற்காக டெஸ்ட் அக்கா பழையபடி தவிட்டைப் பிசைந்தாள், தங்க நிறம் கலந்து. பத்தாம் நாள் அவளுக்கு இடுப்புக்குப் பின்னால் குத்தல் எடுத்தது. பதினோராம் நாள் குளிர் ஜுரம். மாத்திரையைத் தண்ணீரில்லாமல் விழுங்கிவிட்டு வேலைக்கு வந்தாள். லீவு போட்டால் சோதனை மேடைக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கட்ட சம்பளமும் இருக்காது.

அன்றுதான் அந்த அம்மா வந்தார். நாலைந்து பெரிய ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் வாங்குகிறவர். அறுநூற்று இருபது கிளாசெட் வேண்டும். கம்பெனி வரலாற்றில் அவ்வளவு பெரிய ஆர்டர் வந்ததில்லை. பெரியண்ணி ஊரில் இல்லை. பெண் தொழிலாளர் நலனுக்காக ஒரு விருது வாங்கப் போயிருந்தாள். பெரியண்ணனும் மாப்பிள்ளையுமாக அந்த அம்மாவுக்கு இரண்டு காப்பியும் ஒரு இளநீரும் கொடுத்து, சுத்தியலைக் காட்டி, புத்தகத்தைக் கையில் திணித்து, சூளை வழியாகச் சோதனை மேடைக்கு அழைத்து வந்தார்கள். அங்கே வந்து சேர்ந்தபோது அந்த அம்மா கேட்டார்:

"லேடீஸ் ரெஸ்ட்ரூம் எங்க இருக்கு?"

பெரியண்ணன் மாடிக்குக் கூட்டிப் போயிருக்கலாம். அவர் விரல் இருந்தது. ஆனால் மாப்பிள்ளைக்கு ஆர்வம் தாங்கவில்லை.

"மேடம், மாடியில இருக்கு. ஆனா உங்களை மாதிரி ஒருத்தரோட அனுபவம் எங்களுக்குப் பொக்கிஷம்." அவர் படிவத்தையும் பேனாவையும் நீட்டினார். "இங்கயே பன்னிரண்டு இருக்கு. எதுல வேணும்னாலும் உக்காருங்க. மூணாம் நம்பர் எங்க வீட்டுப் பொண்ணு பேர்ல வந்த மாடல். நான் நேரம் மட்டும்தான் பாப்பேன். முகபாவத்துக்கு இவர் இருக்கார்."

மேற்பார்வையாளர் வணக்கம் சொன்னார்.

அந்த அம்மா தோள் உயரத் தார்ப்பாயைப் பார்த்தார். ஸ்டாப்வாட்சைப் பார்த்தார். படிவத்தில், வீட்டு நினைவு வந்ததா என்ற கேள்வியில் கொஞ்ச நேரம் நின்றார்.

"இங்க வேலை செய்யற பொம்பளைங்கல்லாம் இதுலதான் போறாங்களா?"

"விரும்பி" என்றார் பெரியண்ணன். "அவங்களா கேட்டு வாங்கிக்கிட்டது. இருநூத்திப் பத்துப் பேர் எழுதியே குடுத்திருக்காங்க. வேற எங்கயும் இந்த வாய்ப்பு கிடையாது மேடம். வேற கம்பெனியில கக்கூஸ் கட்டி விட்டுடறாங்க, அதோட கைகழுவிடறாங்க. நாங்க அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் கூடவே இருக்கோம்."

அந்த அம்மா டெஸ்ட் அக்காவிடம் திரும்பினார்.

"நீங்க எங்கம்மா போவீங்க?"

"எதிர்த்தெருவுல ஒரு வீடு. வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

வாட்ச்மேன் நோட்டை எடுத்தான். "பேரு, நேரம்" என்றான். அந்த அம்மா எழுதினார். பின்னாலேயே ஓடிவந்த பெரியண்ணன் அவனை முறைத்தார். இருந்தாலும் அது அவரே போட்ட விதி.

தையல்காரம்மா மிஷினை விட்டு எழுந்திருக்கவில்லை. "பின்னால போங்க. வாளியில தண்ணி இருக்கு. தாழ்ப்பாளைக் கொஞ்சம் தூக்கிப் போடணும்" என்றாள், வாயில் ஊசியோடு.

கொத்தனார் கட்டிய கழிப்பறை. சிமென்ட் தரை, தகரக் கதவு. கதவுக்கு முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள்.

"நீங்க போங்கம்மா" என்றாள் டெஸ்ட் அக்கா. அவள் பல் தந்தியடித்தது.

அந்த அம்மா அவள் கையைப் பிடித்துப் பார்த்தார். "கொதிக்குதே. எத்தனை நாளா?"

"மூணு தடவை வந்திருச்சு. இது நாலாவது."

"எவ்வளவு நேரமா அடக்கிட்டிருக்கீங்க?"

"காலையில ஆறு மணிலேர்ந்து."

"அப்ப நீங்க முதல்ல போங்க. நான் நிக்கறேன்."

"நீங்க விருந்தாளி."

"போங்கம்மா. எனக்கு ரெண்டு காப்பிதான்."

ஆர்டர் வந்தது. அதோடு மூன்று நிபந்தனைகளும் வந்தன. பெண் தொழிலாளர்களுக்குக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள எட்டுக் கழிப்பறைகள் கட்ட வேண்டும். சரக்கு தினம் ஒரு லாரியாக வர வேண்டும்; ஆஸ்பத்திரி வாசலில் அவ்வளவுதான் இறக்க முடியும். ஒவ்வொரு லாரியோடும், கழிப்பறைகள் உபயோகத்தில் இருக்கின்றன என்று சோதனைக்காரப் பெண்மணியின் கையெழுத்துச் சீட்டு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் லாரி திரும்பிவிடும். டெஸ்ட் அக்கா அதற்குள் ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்துவிட்டு வந்திருந்தாள். இன்னும் ஒரு தடவை தாங்காது என்று டாக்டர் இந்தமுறை சிரிக்காமல் சொல்லி அனுப்பியிருந்தார். அவளை வேலையிலிருந்து எடுக்க முடியவில்லை, கையெழுத்து அவளுடையது.

இத்தனை வருஷமாக முடியாதது பதினோரு நாளில் முடிந்தது. எட்டுக் கழிப்பறை, எட்டுக் கதவு. வாசலில் 'அன்னை வளாகம்' என்று பலகை, கீழே பெரியண்ணியின் படம். ரிப்பன் வெட்டினார்கள். பெரியண்ணி, ஆலோசனைப் பெட்டியைத் திறந்த அன்றிலிருந்து தான் தூங்கவே இல்லை என்று பேசினாள். போட்டோ எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் எட்டுக் கதவையும் பூட்டி, சாவிக்கொத்தைப் பெரியண்ணன் பையில் போட்டுக்கொண்டார்.

"புதுசு கலையாம இருக்கட்டும்" என்றார். "வாங்குறவங்க வந்து பாத்தா முகம் சுளிக்கக் கூடாது பாருங்க."

மறுநாள் காலை முதல் லாரி வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை முப்பத்தொரு சீட்டுகளை அச்சடித்துக் கொண்டுவந்தார்.

"எல்லாத்துலயும் இப்பவே போட்டுடு. தினம் தினம் உனக்கு எதுக்குத் தொந்தரவு."

டெஸ்ட் அக்கா வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்தாள். "உபயோகத்துல இருக்குன்னு போட்டிருக்கு."

"ஆமா."

"உபயோகிக்காம எப்படி சார் எழுதறது? நீங்கதானே சொன்னீங்க, நேரடியா பாக்கணும்னு. பெரியண்ணா, சாவி குடுங்க."

பெரியண்ணன் லாரியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், ஒரு சாவியைக் கழற்றி நீட்டினார்.

"ஒண்ணைப் பாத்துட்டு எட்டுக்கு எப்படிப் போடறது?"

கொத்தாகவே வாங்கிக்கொண்டு எட்டையும் திறந்தாள். அவள் ஒன்றுக்குள் போனாள். வாயாடியும் கூட வந்த ஆறு பேரும் மற்றவற்றுக்குள் போனார்கள். எட்டுத் தாழ்ப்பாளும் விழுந்தன.

வெளியே செய்தி பரவிவிட்டது. பாலிஷிலிருந்தும் பேக்கிங்கிலிருந்தும் சூளையிலிருந்தும் பெண்கள் வந்து வரிசை கட்டினார்கள். வரிசை சுத்தியல் அறையைச் சுற்றிப் போனது.

"ஆச்சா?" என்றார் மாப்பிள்ளை கதவருகில். கை பழக்கத்தில் ஸ்டாப்வாட்சை அழுத்தியிருந்தது.

"இன்னும் இல்ல சார்."

"என்ன பண்றே உள்ள?"

"உக்காந்திருக்கேன்."

பெரியண்ணன் குரலைத் தணித்தார். "அம்மா, லாரி நிக்குது. கதவுக்கு அடியில சீட்டை அனுப்பறேன், கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பு. அப்புறம் எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காந்துக்கோ."

"முடிஞ்சாத்தானே பெரியண்ணா போடணும்."

அடுத்த கதவு திறந்து வாயாடி வெளியே வந்தாள். அவள் இடத்துக்கு இன்னொருத்தி உள்ளே ஓடினாள். "பெரியண்ணா" என்றாள் வாயாடி, "வரிசையில நிக்கறீங்களா, சும்மா நிக்கறீங்களா? வரிசைன்னா கடைசிக்குப் போயிடுங்க. இங்க பொம்பளைங்க வெயிட் பண்றாங்க."

ஒன்பது நிமிஷம் கழித்து டெஸ்ட் அக்கா வெளியே வந்தாள். கையைக் கழுவினாள், புடவையில் துடைத்தாள், மாப்பிள்ளை கையிலிருந்த சீட்டுகளை வாங்கி, மேலே இருந்த ஒன்றில் தேதி போட்டுக் கையெழுத்திட்டாள். மற்ற முப்பதையும் மடித்து மாப்பிள்ளையிடம் கொடுத்தாள்.

"இது?"

"நாளைக்குள்ளது நாளைக்கு சார். நாளைக்கு உபயோகத்துல இருந்தா நாளைக்குப் போடறேன்."

சாவிக்காகப் பெரியண்ணன் நீட்டிய கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு அவர் அதை மடக்கி, விரல்களால் கணக்குப் போட ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, ஒரு லாரிக்கு எத்தனை ஏத்தறோம்?"

"இருபது."

"நாப்பது ஏத்தினா?"

"பதினாறு நாள்ல முடிஞ்சிடும் மச்சான். ஆனா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கணும். பாதி உடையும்."

"உடையட்டுமே. பதினாறு நாள் பூட்டாம வெச்சாப் போதும்ல?"

"உடைஞ்சது திரும்பி வரும் பெரியண்ணா" என்றாள் டெஸ்ட் அக்கா. "அதுக்குப் பதிலா வேற அனுப்பணும். அதுக்கும் லாரி வேணும், சீட்டு வேணும்."

பெரியண்ணன் மறுபடி முதல் விரலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். அவருக்குப் பின்னால் வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது. யாரோ ஒருத்தி, கொஞ்சம் தள்ளிக்குங்க என்று சொல்லி, அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.